ஆனிக் கடைசியில் நிறைந்த பானை

போன மாதம் நம் இலாகாவிலிருந்து நாலு பேர் மகாராஷ்டிரப் பக்கம் போய், திராட்சை ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். வந்த கையோடு, ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினீர்கள். கண்ணாடிக் கோப்பையைச் சுழற்ற வேண்டுமாம், மூக்கை உள்ளே விட வேண்டுமாம், ஒரு வாய் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்து யோசிக்க வேண்டுமாம். எந்த ஒயினுக்கு எந்தப் பாலாடைக்கட்டி என்று ஒரு பட்டியல் வேறு. "எந்த மண்ணுல வெளஞ்ச திராட்சைன்னு நாக்குலயே தெரிஞ்சிடும் சார்" என்று உங்களில் ஒருவர் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கிழவனுக்குச் சர்க்கரை, அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் அன்றைக்கு எழுந்துபோனது அதற்காக இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் வாயில் வைக்காமல் விட்ட ஒரு வாய்க் கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நீங்கள் ஆலைக்குப் போனீர்கள். எங்கள் காலத்து ஆலை மரத்தின் உச்சியில் இருந்தது. நான் சீர்காழி வட்டாரத்தில் மதுவிலக்குச் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தபோது, கள் பிடிப்பதுதான் வேலை. பிடித்ததை ருசி பார்ப்பதும் வேலையில் சேர்த்தி. சிரிக்காதீர்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் எல்லோரும் செய்ததுதான். ஜீப்புக்குப் பின்னால் போய் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தால் முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். கோடியக்கரை மணலில் நிற்கிற பனையின் கள்ளில் உப்பங்காற்று லேசாகத் தெரியும். தரங்கம்பாடிப் பக்கத்துத் தென்னங்கள் தொண்டையில் இடறாமல் இறங்கும். கொள்ளிடக் கரைப் படுகை மரங்களின் கள்ளில் ஒரு வண்டல் வாசம். தொட்டுக்கொள்ள உங்கள் பாலாடைக்கட்டி கிடையாது. சுட்ட கருவாடு, மிளகு தட்டிப் போட்ட வயல் நண்டு, ஆடிக்காற்றில் கிடைத்தால் நத்தை. கொடியைக் கெடுக்காமல் ஒயின் செய்வதற்கு ஏதோ பெரிய பெயர் சொன்னீர்களே, அதுவும் இங்கே இருந்தது. மரமேறுகிறவன் எல்லாப் பாளையையும் சீவ மாட்டான், நாலில் ஒன்றைக் காய்க்க விடுவான். மரம் இளைத்தால் அந்த வருஷம் ஏறமாட்டான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர், அதற்கு லைசென்ஸ் உண்டு, வெல்லம் காய்ச்சலாம். சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும், அதற்கு ஜெயில். ஒரு விரல் சுண்ணாம்புதான் குடும்பஸ்தனுக்கும் குற்றவாளிக்கும் வித்தியாசம்.

காத்தமுத்து லைசென்ஸ் உள்ள ஆள். சீர்காழிக்குக் கிழக்கே ஒரு மிராசுதாரின் நிலத்தில் வேலை செய்தவன். வாய்க்கால் கரையில் குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் நாலு பனை, மனைவி அஞ்சம்மாள். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு அந்தப் பக்கமெல்லாம் கொடி பிடித்த வருஷம் அது. அந்த ஊரில் முதல் ஆளாகக் கொடி பிடித்தவன் காத்தமுத்துதான். அதோடு, பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருப்பவனுக்கே அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வருவாய் ஆய்வாளர், நாங்கள் ஆர்.ஐ. என்போம், அடுத்த திங்கட்கிழமை அந்த ஊருக்கு வருவதாகத் தண்டோரா போட்டாகிவிட்டது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் முட்டாளாக இருந்தேன் என்பதுதான் கதை.

வியாழக்கிழமை விடிந்ததும் என் மேலதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு மனு. காத்தமுத்து பதநீர் லைசென்ஸை வைத்துக்கொண்டு கள் இறக்குகிறான் என்று அந்த மிராசுதாரின் பண்ணைக் காரியஸ்தர் எழுதிக் கொடுத்தது. நேராகப் போனோம். காத்தமுத்து அப்போதுதான் காலையில் மரம் ஏறக் கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆள் ஒருவர் ஏறி நாலு மரத்துப் பானைகளையும் இறக்கினார். நாலிலும் சுண்ணாம்பு இல்லை. நாலும் கழுத்துவரை நுரைத்த கள்.

காத்தமுத்து கயிற்றைக் கீழே போட்டான். பானையைப் பார்க்கிறான், மரத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். அஞ்சம்மாள்தான் கத்தினாள்.

"ஐயா, நேத்து சாயங்காலம் சுண்ணாம்புப் பானைதாங்க கட்டுனாரு. நானேதான் தடவிக் குடுத்தேன். இது எங்க பானையே இல்லீங்க. ஆனிக் கடைசில எந்தப் பனைங்க பானை நெறைய ஊத்தும்? நீங்களே சொல்லுங்க!"

"சும்மா இரு. வழக்குல சேத்துடுவேன்" என்றேன்.

அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி! பனைக்குச் சாறு ஊறுவது தை மாசியில் தொடங்கினால் ஆனியோடு முடிந்தது. கடைசியில் மரம் சொட்டுச் சொட்டாக வற்றிக்கொண்டிருக்கும், பானை அடி நனைந்தால் பெரிது. இந்தத் தொழிலில் ஏழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். நாலு நிறைந்த பானையைப் பார்த்து எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, சந்தோஷம். மேலதிகாரி முன்னால் இவ்வளவு பெரிய பிடி!

வழக்கம்போல ஜீப்புக்குப் பின்னால் போயிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். போகவில்லை. ஏன் தெரியுமா? மேலதிகாரி நிற்கிறார். அவர் நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, கள் வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கும்போது, நான் விரலை விட்டு நக்கினால் என்ன நினைப்பார்? மரியாதை போய்விடாதா? அந்த மரியாதைக்காக நாக்கை மடித்து வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டதால் குடிசை வாசலில், கூரை நிழலில் உட்கார்ந்து மகஜர் எழுதினேன். சம்பவ இடத்தில் பார்த்ததைச் சாட்சிகள் முன்னால் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கும் தாள் அது. 'மேற்படி காத்தமுத்து குடியிருக்கும் கூரை வீட்டுக்கு வடக்கே பத்தடியில் முதல் பனை' என்று ஆரம்பித்து நாலு மரத்துக்கும் அளந்து எழுதினேன். என் எழுத்து எப்போதும் சுத்தமாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. காரியஸ்தர் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு புட்டியில் கள்ளை அடைத்து அரக்கு வைத்துவிட்டு, மீதியை வாய்க்காலில் கொட்டினோம். காத்தமுத்துவை ஜீப்பில் ஏற்றினோம். கோர்ட்டில் நிறுத்தி, ரிமாண்ட் ஆகி, மத்தியானத்துக்குள் அவன் சப்-ஜெயிலில் இருந்தான்.

அன்று மத்தியானம் ஆபீஸில் புட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். வெயிலில் கள் பொங்கி, அரக்கைத் தள்ளிக்கொண்டு நுரை கழுத்து வழியாக என் விரலில் வழிந்தது. பழக்க தோஷம். விரல் தானாக வாய்க்குப் போயிற்று.

தென்னங்கள்.

இன்னொரு முறை நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை, பனையின் காரமே கிடையாது. பனை மரத்திலிருந்து தென்னங்கள் இறக்கியதாக நான் மகஜர் எழுதி, அளந்து, கையெழுத்துப் போட்டு, ஒரு மனிதனை உள்ளே தள்ளியிருக்கிறேன். அந்த ஊரில் நாலு பானை தென்னங்கள் எடுக்கிற அளவுக்குத் தோப்பு யாரிடம் இருக்கிறது? ஒரே ஒருவரிடம்தான், மிராசுதாரிடம்.

உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "ரசாயனப் பரிசோதனையில புளிச்ச கள்ளுன்னு வரும்யா, அது போதும். தென்னையா பனையான்னு எவன் கேக்கப்போறான்? எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். நானும் சரி என்று விட்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆபீஸுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் தப்பு எது என்று யாராவது கேட்டால், வியாழக்கிழமை ருசி பார்க்காததைவிட இந்த இரண்டு நாளைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்கவில்லை. மரங்களை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் மதகு தாண்டியதும் வழி தப்பிவிட்டேனோ என்று நினைத்தேன். நாலு பனை நிற்கிறது, குடிசையைக் காணோம்.

குடிசை இருந்த மேட்டை ஏர் ஓட்டி, பார் கட்டி, வாழைக்கன்று நட்டிருந்தார்கள். வரிசையாக, அளவெடுத்தது போல. தண்ணீர்கூடப் பாய்ச்சியாகிவிட்டது. ஒரு கீற்று இல்லை, ஒரு அடுப்புக்கல் இல்லை. ஒரு குடும்பம் அங்கே சோறாக்கித் தின்றது என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

அஞ்சம்மாள் பனை மரத்தடியில் ஒரு அலுமினியக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜாமீனுக்கு ஆள் தேடி டவுனுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் வீடு வாழைத் தோட்டமாக இருக்கிறது. நாளைக்கு ஆர்.ஐ. வந்து பார்த்தால் வாழை என்று எழுதிக்கொண்டு போவார், அதோடு மனையும் போயிற்று. அவனை உள்ளே தள்ளிவிட்டுக் குடிசையைப் பிரிக்கத்தான் அந்தக் கள்ளுப் பானை. எனக்கு எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவளுக்கு முன்பே விளங்கியிருந்தது.

"அது பனங்கள்ளு இல்ல. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பங்க தெரியும்?"

"வியாழக்கெழம மத்தியானம். ருசி பாத்தேன்."

"காலையில ஏங்க பாக்கல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "பெரியவரு பக்கத்துல நின்னாரு. அவரு முன்னாடி கள்ள வாயில வெக்கிறது மரியாத இல்லன்னு..."

அவள் குண்டானைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதுக்கா?" என்றாள். "இதுக்காங்க?"

வாழைக்கன்றுகளைக் காட்டினாள். "அந்த எடத்துல, எங்க வாசல்ல ஒக்காந்துதானே எழுதுனீங்க? எங்க கூரை நெழல்லதானே? அதையாச்சும் நாளைக்கு வந்து சொல்லுவீங்களா, இல்ல அதுக்கும் பெரியவரு நிப்பாரா?"

நேராக மேலதிகாரி வீட்டுக்குப் போனேன். இப்போது கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நல்ல வழி காட்டுவார்கள். அவர் கோபப்படவே இல்லை. காப்பி கொடுத்தார்.

"தப்பு நடந்துபோச்சு, சரி பண்ணிடலாம். மகஜர வாபஸ் வாங்கிடு. பார்த்ததுல பெசகு, எடம் தவறிப்போச்சுன்னு எழுது. வழக்கு விழுந்துடும், அந்தாளு வெளியில வந்துடுவான். ஒனக்கும் கெட்ட பேரு இல்ல. எல்லாருக்கும் நல்லது."

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! அங்கேயே வெள்ளைத் தாள் வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டேன். 'மேற்படி மகஜர் முழுவதும்' என்று எழுதியதும் பேனா நின்றது. முழுவதும் என்றால் அந்தக் கூரை வீடும் அதில்தானே இருக்கிறது? வடக்கே பத்தடி என்று நான் அளந்து எழுதியது, அடியில் காரியஸ்தர் கையெழுத்துப் போட்டது. உலகத்தில் அந்தக் குடிசைக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பொய் மகஜர்தான். அதைக் கிழித்தால் காத்தமுத்து வெளியே வருவான், ஆனால் வாழைத் தோட்டத்துக்குத்தான் வருவான். கிழிக்காவிட்டால் வீட்டுக்குச் சாட்சி இருக்கும், அவன் ஜெயிலில் இருப்பான்.

"சார், பாதிதான் பொய்" என்றேன்.

"மகஜர்ல பாதி ஏதுய்யா? ஒண்ணு முழுசும் நெசம், இல்லாட்டி முழுசும் பொய். பாதின்னு எழுதினா, ருசி தெரிஞ்சவன் ஏன் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஒன்னத்தான் கேப்பாங்க. வேலை போயிடும், பாத்துக்க."

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். வழியெல்லாம் பயம்தான். ஆனால் அந்த 'இதுக்காங்க?' பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆர்.ஐ. வந்தார். காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஊர் சனம் மொத்தமும் வாய்க்கால் கரையில் நின்றது. ஆர்.ஐ. மேட்டைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார். "வாழை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதப்போனார்.

"இங்க ஒரு கூரை வீடு இருந்துச்சு" என்றேன்.

"சார், எனக்கும் தெரியலாம், தெரியாம இருக்கலாம். நான் பாக்கறததான் எழுதணும்."

"நானும் வியாழக்கெழம பாத்ததத்தான் எழுதினேன். அதனாலதான் ஒருத்தன் உள்ள இருக்கான்."

காரியஸ்தர் சிரித்தார். "இன்ஸ்பெக்டரு வெயில்ல வந்திருக்காரு. இந்த மேட்டுல எந்தக் காலத்துலங்க குடிசை இருந்துச்சு? இது பரம்பரையா வாழைக் கொல்லை."

நான் மகஜரின் நகலைப் பிரித்து உரக்கப் படித்தேன். கூரை வீட்டுக்கு வடக்கே பத்தடியில் முதல் பனை. வாசலுக்குக் கிழக்கே ஆறடியில் இரண்டாவது. படித்து முடித்ததும் தாளை அவர் முகத்துக்கு நேரே காட்டி, "முதல் சாட்சி கையெழுத்து யாருதுங்க?" என்றேன்.

குடை இறங்கிவிட்டது. ஆர்.ஐ. நகலை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, "பேரு சொல்லும்மா" என்றார்.

மறுநாள் கோர்ட்டில் என் இரண்டாவது வாக்குமூலத்தைக் கொடுத்தேன். இடம் நிஜம், வீடு நிஜம், மரம் நிஜம். கள் அந்த மரத்துடையது அல்ல, தென்னங்கள், அதைப் பரிசோதிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு என்று எழுதினேன். காத்தமுத்து வெளியே வந்தான். எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. தோப்புக்கார மிராசுதார் மேல் வழக்கு எதுவும் வரவில்லை, அந்த ஆறாத கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அடுத்த அதிர்ச்சியை அரசாங்கமே கொடுத்தது. அதே வருஷம் ஆவணி வாக்கில் மதுவிலக்கைத் தள்ளி வைத்து, கள்ளுக்கடைகளை ஏலம் விட்டார்கள்! காத்தமுத்துவை எதற்காக விலங்கு மாட்டி இழுத்துப்போனேனோ, அதே கள்ளை இறக்க அனுமதித்து மரத்தில் நம்பர் எழுதுவது என் வேலையாயிற்று. எது குற்றம் என்பதை ஒரு காகிதம் மாற்றிவிடும். யார் செய்தது என்பதை எந்தக் காகிதமும் மாற்றாது, அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாசியில் பனைக்கு நம்பர் போட அந்த ஊருக்குப் போனேன். கூட ஒரு மேலதிகாரி, புதிதாக வந்தவர். மேட்டில் திரும்பவும் ஒரு கூரை நின்றது. மூன்று வாழையை மட்டும் பிடுங்காமல் விட்டிருந்தார்கள், குலை தள்ளியிருந்தது. காத்தமுத்து என்னைப் பார்த்தான். மரத்திலிருந்து இறக்கிய பானையை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் கடைசிவரை என்னோடு பேசவில்லை, அது அவன் நியாயம்.

மரத்தின் விவரம், கள்ளின் தரம் என்று கடைக்கு அனுப்பும் சீட்டை நிரப்பப் பேனாவைத் திறந்தேன். அஞ்சம்மாள் பனையோலையைக் குழிவாக மடித்த பட்டையில் கள்ளை ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். மேலதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரை முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பெரியவரு நிக்கிறாருன்னு பாக்காதீங்க. குடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

பட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். காரமான பனங்கள். அதன் பிறகுதான் எழுதினேன்.